நாலாவது கேள்விக்குப் பதில்

உங்கள் பகுதியில் ரக்பி லீக்
வளர வாய்ப்பு உள்ளதா? விவரிக்கவும்.
கீழே மூன்று கோடு விட்டிருக்கிறீர்கள்.
பத்தாது, சார். பின்பக்கமும் எழுதுகிறேன்.

கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால்
லாரி நிற்காத ஞாயிறுகளில் எங்களுக்கு மைதானம் உண்டு.
கோடு போட பிளீச்சிங் பவுடர்.
மாநகராட்சியில் துப்புரவு பார்க்கும் ஆரோக்கியம்
மழைக்கு முந்தின மாதம் தாராளமாகத் தருவாள்.
மற்ற மாதங்களில் கோடு எங்கே என்பதை
யார் தொண்டை பெரிதோ அவர்கள் முடிவு செய்வார்கள்.

கண்டெய்னர் யார்டில் பெட்டி எண்ணுவது என் வேலை.
ஒன்று குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள்,
அதனால் எண்ணிக்கையில் பொய் எழுத வராது:
பதிமூன்று பேர் வேண்டும்.
நிச்சயம் வருகிறவர்கள் பத்து.
அஞ்சுகம், ஐஸ் கம்பெனி ஷிப்டைப் பொறுத்து.
நூருன்னிசா, அவள் அண்ணன் தூங்குவதைப் பொறுத்து.
பதிமூன்றாவது ஆள்
எந்த ஞாயிறும் ஒரே ஆள் இல்லை.
ஒருமுறை ஹரியானா லாரி கிளீனர் ஒருவன்
செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்தான்,
நாலு பேரைச் சாய்த்தான்,
ரொட்டி கருகுகிறதென்று ஓடிவிட்டான்.

பிடிக்கத் தெரியும் எங்களுக்கு.
எல்லாம் கபடிக் கை.
விழுந்தவள் எழுந்து
குதிகாலால் பந்தைப் பின்னுக்கு உருட்ட வேண்டுமே,
அதுதான் வரவில்லை.
விழுந்தால் அவுட் என்றே பழகிய உடம்பு.
ஆறாவது பிடி வரைக்கும் பந்து நம்முடையது
என்று விதியைப் படித்துச் சொன்னேன்.
அஞ்சுகம் மண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டாள்:
"அஞ்சு தபா வுழுந்தாலும் நம்ம கையிலதான் கீதா?
இன்னா சோக்கான கேம்டி இது."

முன்னால்தான் ஓட வேண்டும்.
கையால் கொடுத்தால் பின்னால்தான் கொடுக்க வேண்டும்.
இதை நான் விளக்கவே இல்லை.
எண்ணூர் பஸ்ஸில் படிக்கட்டில் தொங்குகிறவள்
ஜன்னல் வழியே முகம் தெரியாத மடியில்
பையை வைக்கிறாளே,
அந்தக் கை எல்லோருக்கும் இருந்தது.

போன மாதம் போனில் ஒரு ஆட்டம் பார்த்தோம்.
பாப்புவா நியூ கினியா, மலைப்பக்கத்து ஊர்.
பாதி புல், பாதி சேறு.
தகரக் கூரை மேல் ஆட்கள்,
மரக்கிளை ஒவ்வொன்றிலும் ஏழெட்டுப் பேர்.
வர்ணனை செய்கிறவர் வேறு தேசத்துக்காரர் போல.
வளரும் நாடு, நல்ல வாய்ப்பு,
முதலீடு வந்தால் எங்கேயோ போகும் என்கிறார்.
நூருன்னிசா போனைப் பிடுங்கிப் பார்த்தாள்.
"இதுக்கு மேல இன்னாத்த வளர்றது?
மரத்துல எடம் இல்லியே."

அந்த ஊருக்கும் யாரோ
இதே படிவம் அனுப்பியிருப்பார்கள், இல்லையா சார்.
அவர்கள் என்ன எழுதினார்கள் என்று தெரிந்தால்
எனக்கு வேலை மிச்சம்.

வளர்ச்சி எங்களுக்குத் தெரியாத சொல் இல்லை.
எண்ணூரில் அது சாம்பலாக வந்து
துணி காயும் கொடியில் உட்கார்ந்தது.
மணலியில் ராத்திரி மூக்கைப் பிடித்துக்கொண்டு
தூங்கப் பழக்கியது.
அதனால் வாய்ப்பு என்று படித்ததும்
முதலில் ஜன்னலைச் சாத்தத்தான் தோன்றியது.
தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தேவைகள் என்ற இடத்தில் பந்து என்று எழுதி
அடித்துவிட்டேன், கவனித்திருப்பீர்கள்.
இருப்பது ஒன்று.
தண்டையார்பேட்டை சைக்கிள் கடையில்
மூன்று பஞ்சர் ஒட்டியது.
ஒரு பக்கம் வீங்கி, எப்படிப் போட்டாலும்
இடது பக்கமே துள்ளும்.
அது எங்களுக்கு மனப்பாடம்.
வெளியூர் டீம் வந்தால் அவர்கள் வலது பக்கம் பாய்வார்கள்,
நாங்கள் இந்தப் பக்கம் நின்று வாங்கிக்கொள்வோம்.
நல்ல பந்து அனுப்பினால் மறுபடி முதலிலிருந்து.
அனுப்புங்கள், ஆனால் அவசரமில்லை.

பார்வையிட வருவதானால் ஞாயிறு காலை ஆறு மணி.
ஏழரைக்கு லாரி வந்துவிடும்.
மாற்றுத் துணி ஒன்று கொண்டுவரவும்.
சொன்னேனே, சார்,
ஒரு ஆள் குறைகிறது.